எட்டு விஞ்ஞானிகளின் பின்னணி

மேட்டுவாய்க்கால்பட்டி அரசு மேல்நிலைப் பள்ளியில் புதிய வேதியியல் ஆய்வகம் கட்டி முடித்து ஏழு மாதம் ஆகியிருந்தது. நல்ல கட்டடம். காற்றோட்டம் பார்த்து ஜன்னல் வைத்திருந்தார்கள், வரிசையாகத் தண்ணீர்க் குழாய் வைத்திருந்தார்கள், கறுப்பு கிரானைட்டில் மேடை போட்டிருந்தார்கள், கடைசியில் ஒரு பூட்டும் போட்டிருந்தார்கள். பூட்டின் சாவி தேனியில் இருந்தது. தேனியில் என்றால், மாவட்ட அறிவியல் பன்முகத்தன்மை மேம்பாட்டுப் பிரிவு என்ற அலுவலகத்தில், ஒருங்கிணைப்பு அலுவலர் சண்முகராஜ் அவர்களின் மேசை இழுப்பறையில். முறைப்படி ஆணை வராமல் ஆய்வகத்தைத் திறக்கக் கூடாது என்பது விதி. யாரும் உள்ளே போகாத வரைக்கும் எந்த ஆய்வகமும் பாழாவதில்லை என்பதால் அதை நல்ல விதி என்றே சொல்ல வேண்டும்.

வேதியியல் ஆசிரியை அனுசுயா பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் செய்முறை நடத்தியது சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில். சொட்டுவிடும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டைப் பிடித்து நிறுத்த ஸ்டாண்டு போதாமல், சைக்கிள் ஹேண்டில்பாரில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தாள். எந்தப் பிள்ளையாவது அவசரமாக வீட்டுக்குக் கிளம்பினால் பியூரெட்டும் கூடவே கிளம்பிவிடும். ஒருமுறை உப்புப் பகுப்பாய்வுக்காக எடுத்து வைத்திருந்த உப்பை ஆடு வந்து நக்கிவிட்டது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுபாஸ்ரீ என்ற மாணவிக்குத்தான் பகுப்பாய்வு செய்ய உப்பில்லாமல் போனது.

இதையெல்லாம் அனுசுயா பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது கொட்டகையின் கூரை. பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விடும்போது, குடுவையில் இருக்கும் கரைசல் லேசான ரோஸ் நிறத்துக்கு மாறும் அந்த ஒரு சொட்டில் கையை நிறுத்த வேண்டும். அடுத்த சொட்டு விழுந்தால் கணக்கு தப்பு. கூரையோ சிவப்புத் தகரம். அதன் கீழே வெறும் தண்ணீர்கூட ரோஸாகத்தான் தெரிந்தது. முப்பத்தெட்டுப் பிள்ளைகள் ஒரு வருடமாகக் குடுவையை உற்றுப் பார்த்து, ஒருவர்கூட அந்த ரோஸைப் பார்த்தபாடில்லை. பிப்ரவரி இரண்டாம் வாரம் அரசு செய்முறைத் தேர்வு. அதற்குள் சாவி வந்தாக வேண்டும். அனுசுயாவுக்கு வாழ்க்கையில் அப்போது வேறு ஆசை எதுவும் இல்லை.

டிசம்பரில் சுற்றறிக்கை வந்தது.

"மேற்காண் பொருள் சார்ந்து கனிவுடன் தெரிவிக்கலாவது யாதெனில், நவீன வேதியியலுக்குப் பங்களித்த, பல்வேறு பின்னணிகளைக் கொண்ட அறிவியலாளர்கள் எண்மரின் படங்களை ஆய்வகச் சுவரில் நிறுவி, அவை ஆய்வு செய்யப்பட்டு ஏற்கப்பட்ட பின்னரே சாவி ஒப்படைக்கப்படும்."

தலைமையாசிரியர் ஈஸ்வரபாண்டி அதை இரண்டு தடவை படித்தார். ஓய்வு பெற இன்னும் பதினாறு மாதம் இருந்ததால் எதையும் இரண்டு தடவை படிப்பது அவர் வழக்கம்.

"சுவர்ல படத்த மாட்டுனாத்தான் சாவி தருவாகளாம். சாவி இருந்தாத்தான சுவருக்குப் போக முடியும்?" என்று கேட்டாள் அனுசுயா.

"அதுக்கும் வழி சொல்லியிருக்காக டீச்சர். ஆய்வகத்தோட வெளிச்சுவரும் ஆய்வகச் சுவர்தானாம். கீழ குறிப்பு போட்டுருக்கு."

அனுசுயாவுக்கு உள்ளபடியே சந்தோஷம்தான். சுற்றறிக்கை நல்ல விஷயம் சொல்கிறதே என்று நினைத்தாள். இரண்டு நாள் உட்கார்ந்து எட்டுப் பேரைப் பொறுக்கி எடுத்தாள். வடித்தெடுக்கும் கலையோடு பெயர் சேர்ந்துவிட்ட ஜாபிர் இப்னு ஹய்யான். வரி வசூலித்துக்கொண்டே காற்றை நிறுத்துப் பார்த்து, கடைசியில் தலையை இழந்த லவாய்சியே. கண்ணாடித் தொழிற்சாலை நடத்திய தாய், படிப்புக்காக ரஷ்யாவின் பாதித் தூரத்தைக் கடந்து கூட்டிப்போன மெண்டலீவ். சொந்த ஊர்ப் பல்கலைக்கழகம் பெண் என்பதால் சேர்க்காத மேரி கியூரி. வங்காளத்து பிரபுல்ல சந்திர ராய். நித்யகல்யாணிச் செடியைத் துருவி ஆராய்ந்த அசீமா சாட்டர்ஜி. அடிமையாக இருந்தவரின் பேரன் பெர்சி ஜூலியன். கறுப்பினப் பெண்ணான ஆலிஸ் பால். ஒவ்வொருவர் படத்துக்குக் கீழேயும் எங்கே பிறந்தார், எந்த நிலையிலிருந்து வந்தார், என்ன செய்தார் என்று பத்து வரி எழுதினாள்.

சுவரில் படம் ஒட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டவள் அன்னத்தாய். பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள். ஆய்வக உதவியாளர் பணியிடம் பல வருடமாகக் காலி என்பதால் அந்த வேலையும் அவள் தலையில்தான்.

"இந்தப் புள்ள யாரு டீச்சர்? கடைசிப் படத்துல. சின்னப் புள்ளையா இருக்கு."

"ஆலிஸ் பால்னு பேரு அக்கா. நீரடிமுத்து எண்ணெயில இருந்து தொழுநோய்க்கு ஊசி மருந்து செஞ்ச பொண்ணு. இருபத்திநாலு வயசுல செத்துப்போச்சு."

"நீரடிமுத்துன்னா, குமுளிப் பக்கம் மரோட்டிம்பாகளே, அதா?"

"அதேதான். அந்தப் புள்ள செத்ததும், அது வேலை பாத்த கல்லூரியோட தலைவர் அந்த முறைய எடுத்துத் தன் பேருல போட்டுக்கிட்டாரு. ரொம்ப வருசம் அவரு பேருலதான் இருந்துச்சு."

அன்னத்தாய் ஏணியை விட்டுவிட்டு இடுப்பில் கையை வைத்தாள். "அடப்பாவி. ஒரு புள்ள பாத்த வேலையத் தன் வேலைன்னு சொல்ல அந்த ஆளுக்கு நாக்கு கூசலையா?"

பக்கத்தில் நின்ற ஈஸ்வரபாண்டியும் ச்சு கொட்டினார். அனுசுயாவுக்கு அதைச் சொல்லும்போதெல்லாம் கண் கலங்கும். அன்றைக்கும் கலங்கியது.

சண்முகராஜ் அவர்கள் ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் படிவம். வணிகவியல் படித்தவர் என்றாலும் எந்தப் பாடத்துக்கும் அஞ்சாதவர். எட்டுப் படத்தையும் வரிசையாகப் பார்த்தார். பத்து வரியை அவர் பார்க்கவில்லை; படத்தின் ஓரங்களைத்தான் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் சுருங்கியது.

"எட்டுக்கும் ஒரே பின்னணி."

"சார்?"

"வெள்ளை. எட்டும் வெள்ளை. பல்வேறு பின்னணின்னு தெளிவா எழுதி அனுப்பிருக்கு. இங்கன ஒரு வேறுகூட இல்லையே."

அனுசுயா சிரித்துவிட்டாள். அப்புறம் அவர் சிரிக்கவில்லை என்று பார்த்துவிட்டு நிறுத்தினாள். "சார், பின்னணின்னா படத்துக்குப் பின்னால இருக்குற கலர் இல்ல. அவுக எந்த நாடு, எந்தக் குடும்பம், எந்தக் கஷ்டத்துல இருந்து..."

"நீங்க தமிழ் டீச்சரா?"

"வேதியியல் சார்."

"அப்பறம் ஏன் சொல்லுக்கு அர்த்தம் சொல்றீக? படிவத்தப் பாருங்க. வரிசை எண் நாலு. பின்னணி. அதுக்குப் பக்கத்துல கட்டம் போட்டு என்ன கேட்டிருக்காக? நிறம். அடுத்த கட்டம், காட்சி. கஷ்டம்னு ஏதாவது கட்டம் இருக்கா?"

இல்லை. அனுசுயா நன்றாகத் தேடிப் பார்த்தாள். கஷ்டத்துக்குக் கட்டமே இல்லை. சண்முகராஜ் எட்டு வரிசையிலும் 'வெள்ளை' என்று அழகான கையெழுத்தில் எழுதி, கீழே "பன்முகத்தன்மை: பூச்சியம்" என்று முடித்து, சாவியோடு தேனிக்குத் திரும்பினார். மூன்றாம் நாள் விளக்கம் கோரிக் கடிதம் வந்தது.

"விளக்கம் எழுதிச் சண்டை போட்டா பிப்ரவரி போயிரும் டீச்சர்," என்றார் ஈஸ்வரபாண்டி. "அவுக கேக்குறதக் குடுத்துட்டு நமக்கு வேணுங்குறத வாங்கிக்குவோம்."

அனுசுயாவின் வீடு தேனியில்தான். அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கடைத்தெருவில் ஜேசுராஜ் அண்ணாச்சியின் பிளக்ஸ் கடைக்குப் போனாள். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று வருசநாட்டிலிருந்து கம்பம் வரைக்கும் நடக்கிற நல்லது கெட்டது எல்லாம் அவர் கம்ப்யூட்டர் வழியாகத்தான் நடந்தாக வேண்டும். எட்டுப் படத்தையும் பார்த்துவிட்டு அவர் மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"எட்டுப் பேரும் தவறிட்டாகளா டீச்சர்?"

"ஆமா அண்ணாச்சி."

"ஒரே விபத்துலயா?"

"இல்ல அண்ணாச்சி. இவுக விஞ்ஞானிக. வேற வேற காலம். எல்லாருக்கும் வேற வேற பின்னணி வேணும்."

அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. அவரிடம் முந்நூற்றுப் பதினாறு பின்னணி இருந்தது. இத்தனை வருடத் தொழிலில் பின்னணியை மட்டும் கேட்டு ஒருவரும் வந்ததில்லை. அரை மணி நேரத்தில் ஜாபிரைச் சுருளி அருவியிலும், ராயைக் கும்பக்கரை அருவியிலும் நிறுத்தினார். மெண்டலீவை வைகை அணைக்கு அனுப்பினார். லவாய்சியேவுக்குக் கம்பத்துத் திராட்சைத் தோட்டம். பெர்சி ஜூலியனை லோயர் கேம்ப் மின்நிலையத்தின் ராட்சதக் குழாய்களுக்கு முன்னால் நிறுத்தியபோது அவர் இன்ஜினியர் மாதிரியே இருந்தார். அசீமா சாட்டர்ஜிக்கு ஏலக்காய்த் தோட்டம். மேரி கியூரியைத் தேக்கடிப் படகுத்துறையில் நிறுத்தினார். ஆலிஸ் பாலுக்கு, சின்னப் பெண் என்பதால், சடங்கு வீட்டுக்கு வைத்திருந்த மயில் ஊஞ்சல்.

"அந்த அம்மா மொகத்துல கொஞ்சம் சிரிப்பு ஏத்தவா?" என்று மேரி கியூரியைக் காட்டிக் கேட்டார்.

"வேணாம் அண்ணாச்சி. அவுக இருக்குறபடி இருக்கட்டும்."

இரண்டாவது ஆய்வு ஜனவரியில். சண்முகராஜ் எட்டுப் பிளக்ஸையும் பார்த்துத் தலையை ஆட்டினார். முன்னேற்றம் தெரிகிறது என்றார். ஆனாலும் குறை இல்லாமல் ஓர் ஆய்வை முடிப்பது அலுவலகத்துக்கு அழகில்லை அல்லவா? மேரி கியூரிக்கு முன்னால் நின்றார்.

"இது தேக்கடியா?"

"ஆமா சார்."

"தேக்கடி எந்த மாநிலம்?"

"கேரளா சார்."

"நம்ம மாவட்டத்துல அணை, தண்ணி, எல்லைன்னு எம்புட்டுப் பிரச்சினை. இந்த நேரத்துல ஒரு அரசுப் பள்ளிக்கூடத்துல இந்த அம்மாவக் கொண்டுபோய் அக்கரையில நிப்பாட்டியிருக்கீக. நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன சொல்றது? எந்த ஊரு இவுகளுக்கு?"

"போலந்து சார்."

"அப்ப அவுகளுக்கு விவரம் தெரியாது. உங்களுக்குத் தெரிய வேணாமா?" என்றவர் லவாய்சியேவிடம் போனார். "கையில கண்ணாடிப் பாத்திரம். பின்னால திராட்சை. என்ன காய்ச்சுறாரு?"

"ஆராய்ச்சி சார்."

"எல்லாரும் பிடிபட்டதுக்கப்புறம் அப்படித்தான் சொல்றாக."

இரண்டு அருவியும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் அதில் ஒன்று போலி என்று குறித்துக்கொண்டார். மெண்டலீவிடம் வந்தபோது நெடுநேரம் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அணை எங்க?"

"பின்னால இருக்கு சார்."

"தாடிதான் தெரியுது. மதகு ஒன்னுகூடத் தெரியல. பின்னணிய மறைக்கிற மாதிரி நடுவுல ஆள நிப்பாட்டுனா பின்னணிய எப்படி ஆய்வு பண்றது?" என்று கேட்டுவிட்டு மற்ற ஏழையும் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விஷயம் முழுசாகப் பிடிபட்டது. "எல்லாத்துலயும் இதே தப்பு நடந்திருக்கு."

தேனிக்குப் போனதும் ஆணை வந்தது. அறிவியலாளர்களின் உருவம் பின்னணியில் கால் பங்கை மிகக் கூடாது. அண்ணாச்சி எட்டுப் பேரையும் பாஸ்போர்ட் அளவுக்குக் குறுக்கி, பிளக்ஸின் மூலைக்குத் தள்ளினார். அதை அனுப்பிய ஒரு வாரத்தில் தெளிவுரை வந்தது. பின்னணியின் பரப்பளவு நூறு விழுக்காடும் தெளிவாகத் தெரிதல் வேண்டும் என்று அதில் இருந்தது. தெளிவுரைக்குத் தெளிவுரை கேட்க நேரமில்லை. தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது.

அன்றைக்குக் கொட்டகையில் சுபாஸ்ரீ குடுவையை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், ரோஸ் வந்துருச்சா, இல்ல கூரையா?" என்று கேட்டாள். அவள் கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். அனுசுயா நேரே ஜேசுராஜ் அண்ணாச்சிக்குப் போன் போட்டாள்.

"அண்ணாச்சி, ஆளுகள எல்லாம் எடுத்துருங்க."

"யார டீச்சர்?"

"எட்டுப் பேரையும். பேரு மட்டும் கீழ இருக்கட்டும். மயில் ஊஞ்சல் காலியா இருந்தாப் பரவாயில்ல."

மூன்றாவது ஆய்வு பத்து நிமிடத்தில் முடிந்தது. சுவரில் இரண்டு அருவி (ஒன்று நிறம் மாற்றப்பட்டது), ஓர் அணை, குழாய்கள், ஏலக்காய்த் தோட்டம், தேக்கடிக்குப் பதிலாகக் கொடைக்கானல் ஏரி, திராட்சைக்குப் பதிலாக வாழை, ஆளில்லாத ஊஞ்சல். ஒவ்வொன்றின் கீழேயும் ஒரு விஞ்ஞானியின் பெயர். சண்முகராஜ் மனம் நிறைந்து டிக் போட்டுக்கொண்டே வந்தார். வரிசை எண் ஏழில் மட்டும் பேனா நின்றது. அறிவியலாளர்கள் உள்ளனரா, ஆம் அல்லது இல்லை.

"ஆளுக எங்க டீச்சர்?"

"பின்னணியில இருக்காக சார்."

அவர் யோசித்தார். படத்தைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். பின்னணி இருக்கிறது என்று அவரே டிக் போட்டாகிவிட்டது. அதில் இருக்கிறார்கள் என்றால் இருக்கத்தானே வேண்டும். 'ஆம்' என்பதைச் சுழித்துவிட்டு, இழுப்பறையிலிருந்து கையோடு எடுத்து வந்திருந்த சாவியைக் கொடுத்தார். ஊர்க்காரர்களும் அந்தச் சுவரை ரசித்தார்கள். வாழைத்தார் ஏற்ற வந்த லாரி டிரைவர் ஒருவர் அணைப் படத்தைப் பார்த்துவிட்டு, மெண்டலீவுக்கு இங்கேயிருந்து எந்த பஸ் போகும் என்று ஈஸ்வரபாண்டியிடம் கேட்டார். ஆண்டிபட்டியில் இறங்கி மாற வேண்டும் என்று அவரும் சொல்லி அனுப்பினார்.

ஆய்வகம் திறந்தது. பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே போனார்கள். குழாயைத் திருகினால் தண்ணீர் வந்தது. பியூரெட் நேராக நின்றது. அனுசுயாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பத்து நிமிடம்தான். அப்புறம் சுபாஸ்ரீ கூப்பிட்டாள்.

"டீச்சர், இங்கயும் ஒன்னும் தெரியல."

கறுப்பு கிரானைட். அதன் மேல் குடுவையை வைத்தால் லேசான ரோஸ் என்ன, நல்ல ரோஸே தெரியவில்லை. மேடையெல்லாம் கறுப்பு, பளபளப்பு வேறு. குடுவைக்கு அடியில் வைக்க வெள்ளை ஓடு என்று ஒன்று உண்டு. இருப்புப் பதிவேட்டில் நாற்பது வெள்ளை ஓடு வந்து சேர்ந்ததாகப் பதிவும் உண்டு. ஓட்டைத்தான் காணவில்லை. பேப்பரை வைத்தார்கள், நனைந்து கிழிந்தது. தேர்வுக்கு ஒன்பது நாள். அனுசுயா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

அன்னத்தாய் மேடையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மூலையில் சண்முகராஜ் நிராகரித்த பிளக்ஸ்கள் பதினாறு சுருட்டிக் கிடந்தன. மழைக்குக் கோழிக்கூட்டின் மேல் போட ஒன்று வேண்டும் என்று அவள் கேட்டு வைத்திருந்தாள்.

"என்னாத்தா முழிக்கிறீக எல்லாரும்?" என்று பிள்ளைகளிடம் கேட்டாள்.

"ரோஸ் கலர் தெரிய மாட்டேங்குது அக்கா."

"கறுப்புல வச்சா எப்படித் தெரியும்? கறையத் தேடணும்னா வெள்ளையில வச்சுத்தான் பாக்கணும். எத்தன வருசமா வெள்ளச் சட்டை தொவைக்கிறேன், எனக்குத் தெரியாதா?" என்றபடி ஒரு பிளக்ஸை விரித்து, முதுகுப் பக்கம் மேலே வருகிறபடி மேடையில் குப்புறப் போட்டாள். முதுகு வெள்ளை வெளேர் என்று இருந்தது. மெண்டலீவ் கிரானைட்டில் முகம் பதித்துப் படுத்தார். "இப்ப வையி குடுவைய. தண்ணி கொட்டுனாலும் தொடச்சிக்கலாம்."

சுபாஸ்ரீ வைத்தாள். ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. இன்னும் ஒன்று. வெள்ளைக்கு மேலே, குடுவைக்குள், வெற்றிலை போட்டுத் துப்பிய வாயைக் கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு மங்கல் ரோஸ் பரவி அப்படியே நின்றது. ஒரு வருடம் தேடிய நிறம். முப்பத்தெட்டுப் பேரும் ஓடி வந்து பார்த்தார்கள். அனுசுயா அன்னத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்னத்தாய் கையை விடுவித்துக்கொண்டு, கோழிக்கூட்டுக்கு ஒன்றை மட்டும் மறக்காமல் ஒதுக்கி வைக்கச் சொன்னாள்.

செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர், மேடை நெடுக விரித்திருந்த வெள்ளையைப் பார்த்து அசந்துபோனார். உடையாது, நனையாது, எல்லா மேடைக்கும் ஒரே வெள்ளை, எந்தப் பள்ளியிலும் இப்படிப் பார்த்ததில்லை என்று அறிக்கையில் எழுதினார். பிள்ளைகள் எல்லாருக்கும் மதிப்பெண் நன்றாக வந்தது. கதை அத்தோடு முடிந்திருக்கும், அறிக்கை தேனிக்குப் போகாமல் இருந்திருந்தால்.

மார்ச்சில் ஓர் ஆணை வந்தது. நிராகரிக்கப்பட்ட பிளக்ஸ்களை ஆய்வக மேடையில் விரிக்கும் இப்புதுமை, 'சண்முகராஜ் வெண்தள முறை' என்ற பெயரில் மாவட்டமெங்கும் பின்பற்றப்பட வேண்டும். பிளக்ஸை நிராகரித்தவர் என்ற முறையில் அவருக்கே முதல் உரிமை என்று காரணமும் காட்டப்பட்டிருந்தது. ஈஸ்வரபாண்டி இரண்டு தடவை படித்துவிட்டு, முதல் தடவையாகக் கோபப்பட்டார். பள்ளிக்கூடத்துக் கூரைக்குக் கீழே நடந்தது, அதனால் தலைமையாசிரியர் பெயரும் வர வேண்டும் என்று எழுதினார். 'சண்முகராஜ் - ஈஸ்வரபாண்டி முறை' என்று திருத்திய ஆணை வந்தது.

அனுசுயா இந்த அநியாயத்தை விடக் கூடாது என்று மூன்று பக்கத்துக்கு மனு எழுதினாள். அந்த நடை அவளுக்கு இப்போது கைவந்திருந்தது. "ஒருவர் உழைப்பில் விளைந்ததை மற்றொருவர் பெயரில் வெளியிடுவது அறிவியல் மரபுக்கே இழுக்காகும். மேற்படி பிளக்ஸ், எனது வகுப்பில், எனது மேற்பார்வையில், எனது மாணவர்களின் நலன் கருதிப் புரட்டப்பட்டது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." புரட்டப்பட்டது என்று எழுதியபோது பேனா ஒரு நொடி தயங்கியது. ஆனால் மனு என்றால் அப்படித்தானே எழுத வேண்டும்? புரட்டினாள் என்று எழுதினால் மனு மாதிரியே இருக்காது.

நீதி வென்றது. மே மாதம், 'அனுசுயா வெண்தள முறை' என்று மாநிலத்துக்கே ஆணை வந்துவிட்டது. பாராட்டு விழா வைக்க ஈஸ்வரபாண்டி பெருந்தன்மையோடு ஏற்பாடு செய்தார். வாசலில் கட்ட பிளக்ஸ் அடிக்க வேண்டும். அனுசுயா ஜேசுராஜ் அண்ணாச்சியிடம் ஒரு படம் கொடுத்தாள். ஆய்வகம் திறந்த அன்று அங்கே சுபாஸ்ரீ எடுத்த படம். அனுசுயா குடுவைக்கு மேல் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். உண்மையிலேயே நல்ல படம்.

அண்ணாச்சி திரையில் பெரிதாக்கிப் பார்த்தார்.

"பின்னால ஒரு அம்மா பிளக்ஸ் முனையப் பிடிச்சு விரிச்சுக்கிட்டு நிக்கிறாகளே. யாரு டீச்சர்?"

"எங்க பள்ளிக்கூடத்து அன்னத்தாயக்கா."

"இருக்கட்டுமா, எடுத்துரவா? இருந்தா உங்க பேரு, படிப்பு, முறையோட பேரு எல்லாம் போட எடம் பத்தாது. எழுத்தச் சின்னதாக்கணும்."

அனுசுயா யோசித்தாள். நியாயமாகத்தான் யோசித்தாள். அக்காவுக்கு இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை, அவள் எதிர்பார்க்கவும் மாட்டாள். நேரில் பார்த்து நன்றி சொல்லிவிடலாம், நேரில் சொல்வதுதான் முறையும்கூட. விழாவுக்கு அவள் எப்படியும் வருவாள், நாற்காலி போட ஆள் வேண்டுமே.

"எழுத்தச் சின்னதாக்க வேணாம் அண்ணாச்சி," என்றாள். "பின்னணி வெள்ளையா இருந்தாப் போதும்."